ஹையேட்டல் ஹெர்னியாவா, அல்சரா, இதயமா?

இரவு பத்தரைக்குப் பரோட்டாவும் மட்டன் கறியும், மேலே ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்). வீட்டுக்கு வந்து படுத்ததும் நெஞ்சு எரிகிறது. “கேஸ்ட்ரிக்தான்” என்று ஆன்டாசிட் (அமிலத்தைத் தணிக்கும் மருந்து) குடித்துவிட்டுத் தூங்கிவிடுகிறோம். எப்போதாவது என்றால் சரி. வாரத்தில் இரண்டு மூன்று தடவை வந்தால், எந்த நேரத்தில், எப்படி இருக்கும்போது வருகிறது என்று கவனித்தே ஆக வேண்டும்.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில், உணவுக்குழாய் இறங்கிவர ஒரு துளை உண்டு. அது தளர்ந்து இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுப் பக்கம் ஏறுவதுதான் ஹையேட்டல் ஹெர்னியா. 50 வயது தாண்டியவர்களுக்கும் உடல் பருமன் உள்ளவர்களுக்கும் அதிகம் வரும். சிறியதாக இருந்தால் ஒன்றும் தெரியாது. பெரிதானால், குனிந்து செருப்பு மாட்டும்போதும் சாப்பிட்டதும் படுக்கும்போதும் எரியும். எழுந்து உட்கார்ந்தால் குறையும். புளித்த நீர் தொண்டைவரை வரும். ஏப்பம், விழுங்கிய சோறு நெஞ்சில் நிற்பதுபோன்ற அடைப்பு, விடாத வறட்டு இருமல், காலையில் கரகரத்த குரல் எல்லாம் சேர்ந்துகொள்ளலாம். பலர் தவறவிடுவது இரத்தசோகையை. பெரிய ஹெர்னியாவில் இரத்தம் துளித்துளியாகக் கசியலாம். காரணம் தெரியாமல் சோர்ந்துபோகும் வயதான அம்மாக்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

ஹெர்னியா இல்லாத வெறும் அமில எதிர்க்களிப்பும் (இரைப்பை அமிலம் மேலேறி வருவது) இதேபோல்தான் இருக்கும். அறிகுறியை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

அல்சர், அதாவது இரைப்பை அல்லது சிறுகுடல் புண், வலி மேல்வயிற்றில் குடையும். வெறும் வயிற்றிலோ நடுராத்திரியிலோ வரும், சிலருக்குச் சாப்பிட்டால் அடங்கும். மூட்டுவலிக்குத் தொடர்ந்து வலிநிவாரணி மாத்திரை போடுபவர்கள் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எச். பைலோரி கிருமியும் ஒரு காரணம்.

இதய வலி அழுத்தும், இறுக்கும். மேம்பாலப் படி ஏறும்போது வந்து, நின்றால் குறையலாம். மாரடைப்பு என்றால் சும்மா இருக்கும்போதும் வரும். இடது கைக்கோ தாடைக்கோ பரவும், வியர்க்கும், மூச்சு வாங்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் அசதியாகவும் குமட்டலாகவும் வரலாம். நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு என்பதால் இதில் எனக்குப் பயம் அதிகம். ஆன்டாசிட் குடித்ததும் குறைந்தது என்பதற்காக இதயம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். சந்தேகம் வந்தால் சிங்கப்பூரின் ஆம்புலன்ஸ் எண்ணான 995, அதுவும் உடனே.

ஹெர்னியாவிலும் அவசரம் உண்டு: திடீரென்று தாங்க முடியாத வலி, வாந்தி வருவதுபோல் குமட்டியும் எதுவும் வெளியே வராதது. இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். இரத்த வாந்தி, தார்போல் கறுத்த மலம் இவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது.

மற்றபடி பாலிகிளினிக் (அரசாங்க மருந்தகம்) போதும். வெறும் “கேஸ்ட்ரிக்” என்று சொல்லாமல், குனிந்தாலா, படுத்தாலா, நடந்தாலா, பசித்தாலா என்று சொல்லுங்கள். எடை குறைவதையும் விழுங்கக் கஷ்டமாக இருப்பதையும் மறைக்காதீர்கள். தேவைப்பட்டால் அங்கிருந்தே நிபுணரிடம் அனுப்புவார்கள். ஸ்கோப்போ (வாய்வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது), பேரியம் கரைசல் குடித்து எடுக்கும் எக்ஸ்ரேயோ எடுத்தால் ஹெர்னியா இருக்கிறதா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.