காதுக்கு ஒட்டிய நாவல்கள், ஒட்டாத நாவல்கள்

ஒலிப்புத்தகம் கேட்கலாமா என்று யாராவது யோசித்தால், ‘துப்பறியும் கதையில் ஆரம்பி’ என்றுதான் பலரும் கைகாட்டுவார்கள். வருடக்கணக்காகக் கேட்டுவரும் ஆள் என்ற முறையில் நான் நேர்மாறாகச் சொல்வேன். சமீபத்தில் முடித்தவற்றில் என்னை அதிகம் படுத்தியது அகதா கிறிஸ்டியின் ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’ (1926). கதை பிரமாதம், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஊர் டாக்டர் ஷெப்பர்ட் தன் வாயாலேயே நடந்ததைச் சொல்லிக்கொண்டு போகிறார். துப்பறியும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று பக்கத்து வீட்டில் காய்கறி பயிரிட்டுக்கொண்டிருக்கும் பொய்ரோ வந்து சேர்கிறார். முடிச்சு அவிழ்ந்ததும், ‘அடப்பாவி, அந்த இடத்தில் சரியாக என்ன சொன்னார்?’ என்று திரும்பிப் போகத் துடிக்கும். கையில் புத்தகம் இருந்தால் விரல் தானாக அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்துவிடும். இங்கே பின்னால் தள்ளும் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தேன். நான் தேடிய வாக்கியம் எந்த அத்தியாயத்தில் இருக்கிறது என்றே பிடிபடவில்லை. கடைசியில் அச்சுப் பிரதியை எடுத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. பாத்திரம் துலக்கும் சத்தத்தில் ஒரு வார்த்தை அடித்துக்கொண்டு போனாலும் மற்ற நாவல்கள் பிழைத்துக்கொள்ளும். இந்த மாதிரிக் கதைகளில் அந்த ஒரு வார்த்தைதான் துப்பே.

இதே தலைவலியை 1897-இல் வந்த ஒரு நாவலுக்குள் கேட்டபோது வாய்விட்டுச் சிரித்தேன். பிராம் ஸ்டோக்கரின் ‘ட்ராகுலா’ முழுக்க டைரி, கடிதம், தந்தி, பத்திரிகைச் செய்தி இவற்றால் ஆனது. அதில் வரும் மனநல மருத்துவர் ஸீவர்ட் டைரி எழுதுவதில்லை; குரலை உருளைகளில் பதியும் அந்தக்கால இயந்திரமான போனோகிராஃபில் பேசிப் பதிகிறார். அதில் ஒரு பகுதியைக் கேட்க வேண்டும் என்று கதையின் நாயகி மீனா வந்து நிற்கும்போதுதான் மனிதருக்கு உறைக்கிறது, மாதக்கணக்காகப் பதிந்தும் குறிப்பிட்ட ஓர் இடத்தை எப்படித் தேடி எடுப்பது என்று தான் யோசித்ததே இல்லை என்று!

அதற்குப் பிறகு வருவதுதான் என்னை நிறுத்திய இடம். மீனா அத்தனை உருளைகளையும் கேட்டுத் தட்டச்சு செய்துவிடுகிறாள். ஸீவர்ட் விரும்பிய லூசி இறந்துபோன கதையும் அவற்றில் இருக்கிறது. இந்த இயந்திரம் இரக்கமில்லாமல் உண்மையைச் சொல்கிறது, உங்கள் வேதனை முழுவதும் குரலிலேயே இருக்கிறது, இதை இனி யாரும் காதால் கேட்கக் கூடாது, அதனால்தான் எழுத்தாக்கினேன் என்கிறாள். எடிசன் போனோகிராஃபை உருவாக்கியது 1877-இல். இருபதே வருடத்தில், எழுத்தில் மறைக்க முடிகிற துக்கத்தைக் குரலில் மறைக்க முடியாது என்பதை ஒருவர் கதைக்குள் வைத்துவிட்டார். அச்சில் படித்த காலத்தில் இந்தப் பக்கங்களை நான் கவனித்ததாகவே நினைவில்லை. ஹெட்ஃபோனில், ஒரு மனிதக் குரல் இதைச் சொல்லக் கேட்கும்போது சும்மா கடந்து போக முடியவில்லை.

நாவல் முழுக்க இந்தத் தரத்தில் இருக்கிறதா என்றால், இல்லை. கடைசிப் பகுதியில் கோட்டையை நோக்கிய துரத்தல் இழுவை. டச்சுப் பேராசிரியர் வான் ஹெல்சிங்கின் கொச்சை ஆங்கிலத்தை வாசிப்பவர் ஒரு சிட்டிகை கூட்டினாலும் நகைச்சுவையாகிவிடும். நான் கேட்ட பதிவில் அது அங்கங்கே நடந்தது.

அறிவியல் புனைகதை எனக்கு அவ்வளவாக ஓடாது. அப்படியும் ஆண்டி வியரின் ‘ப்ராஜெக்ட் ஹெயில் மேரி’யை (2021) ரே போர்ட்டர் குரலில் கேட்டு முடித்தேன். கதையின் திருப்பம் தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். விண்கலத்தில் பழையதெல்லாம் மறந்த நிலையில் கண்விழிக்கும் கிரேஸுக்கு, வழியில் வேற்றுலக ஜீவன் ஒன்று துணையாகக் கிடைக்கிறது. ராக்கி என்று பெயர் வைக்கிறார். அதன் மொழியில் ஒவ்வொரு சொல்லும் ஒரு சுரக்கூட்டம். அச்சில் அந்த இடங்களில் இசைக்குறிகளைப் போட்டிருப்பார்கள்; கண் அதை ஓர் அலங்காரமாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். ஒலிவடிவத்தில் அந்தச் சுரங்களே காதில் விழுகின்றன. கிரேஸ் அந்த மொழியைப் பழகப் பழக நமக்கும் ராக்கி நெருங்கிய ஆள் ஆகிவிடுகிறது. கேள்வி கேட்கும்போதெல்லாம் வாக்கியத்தின் கடைசியில் ‘கேள்வி’ என்று சேர்த்துச் சொல்லும் அதன் பழக்கம் எனக்கே தொற்றிக்கொண்டது. 2022-இல், ஒலிப்புத்தகங்களுக்கென்றே அமெரிக்காவில் தரப்படும் ‘ஆடி’ (Audie) விருதுகளில் ஆண்டின் சிறந்த ஒலிப்புத்தகமாக இதைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியமில்லை. இயற்பியல் விளக்கங்களில் மட்டும் மனம் அலைபாய்ந்தது, மறைப்பானேன்.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. ஒன்றேகால் மடங்கில் கேட்பது எனக்கு வழக்கம். ஜேன் ஆஸ்டினின் ‘ப்ரைட் அண்ட் ப்ரிஜுடிஸ்’ வந்ததும் சாதாரண வேகத்துக்கு இறங்கிவிட்டேன். எலிசபெத்திடம் திருமணப் பேச்சை எடுக்கும் மிஸ்டர் காலின்ஸ், தான் ஏன் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறேன் என்று காரணங்களை வரிசைப்படுத்துவாரே, அந்தப் பேச்சுக்கு உயிரே இடைவெளிதான். ஓட்டிவிட்டால் வெறும் உளறலாகிவிடும். இதில் எனக்கு நல்ல துணை இருக்கிறது: 1813-இல் புத்தகம் கைக்கு வந்த புதிதில், வீட்டில் அம்மா அதை உரக்கப் படித்த விதம் திருப்தியாக இல்லை என்று அக்காவுக்கு எழுதிய கடிதத்தில் ஆஸ்டினே குறைப்பட்டிருக்கிறார். அம்மா மிக வேகமாகப் போகிறாராம். பாத்திரங்களைப் புரிந்துகொண்டாலும் அவர்கள் பேச வேண்டிய மாதிரி அவரால் பேச முடியவில்லையாம். வாசிப்பவரைப் பற்றி இன்று நாம் எழுதும் குறைகளும் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் அடங்கும்.

‘பொன்னியின் செல்வன்’ இதற்கெல்லாம் பயப்படாத நாவல். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வாராவாரம் வந்த தொடர் என்பதால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கொக்கியில் முடியும். போன வாரத்தை மறந்தவர்களுக்காகக் கல்கியே அவ்வப்போது நினைவூட்டிவிடுவார். அச்சில் அந்த நினைவூட்டல்கள் அலுப்பு தரும். காதுக்கோ அவைதான் கைப்பிடி. இரண்டு நாள் கேட்காமல் விட்டுப் போனாலும் நூல் அறுந்துபோகாது. பாம்பே கண்ணன் குழுவின் பதிவில் பாத்திரத்துக்கு ஒரு குரல் என்பதால் கிட்டத்தட்ட வானொலி நாடகம். புத்தகத்தில் பூங்குழலியின் கடல் பாட்டு வந்தால் நான் பக்கத்தைத் தள்ளிவிடும் ரகம். கேட்கும்போது அந்தத் தப்பிக்கும் வழி கிடையாது, அதுவும் நல்லதுக்குத்தான். ஆழ்வார்க்கடியானின் சண்டைகள் அச்சில் இருந்ததைவிட இரண்டு மடங்கு சிரிப்பு. போர், சதி என்று பரபரக்கும் இடங்களில் பின்னணிச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்பது என் கட்சி.

குரல் கூடினால் சுவையும் கூடும் என்று நினைத்துவிட வேண்டாம். ஜார்ஜ் சாண்டர்ஸின் ‘லிங்கன் இன் தி பார்டோ’வுக்கு (2017) 166 பேர் குரல் கொடுத்திருக்கிறார்கள். 1862-இல் மகன் வில்லியைப் பறிகொடுத்த லிங்கன் கல்லறைக்கு வருகிறார். அங்குள்ள ஆவிகள் மாறி மாறிப் பேசுகின்றன. அச்சில் ஒவ்வொரு பேச்சுக்கும் கீழே பேசியவர் பெயர் இருக்கும். காதில் அது ஒரு சந்தைக்கடை, ஆரம்ப மணி நேரங்களில் யார் யாரென்றே புரியவில்லை. தகப்பன் பிள்ளையைப் பார்க்க உள்ளே நுழையும் கட்டத்தில் மட்டும் எல்லாம் அடங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறது. அதற்காகவே மறுபடி கேட்பேன், இந்தத் தடவை புத்தகத்தையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு.