அம்மாவுக்கு ஊசி, எனக்கு மாத்திரை

2023 ஆடி மாதம் குளியலறையில் வாளியைக் குனிந்து தூக்கியபோது அம்மாவின் முதுகில் ஒரு முள்ளெலும்பு நசுங்கிவிட்டது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 3.6; அது எவ்வளவு கீழே போகிறதோ, எலும்பு அவ்வளவு மெலிந்திருக்கிறது என்று பொருள். எலும்பு டாக்டர் எலும்பைக் கட்டும் டெரிபாராடைடு எழுதித் தந்தார்: தினமும் 20 மைக்ரோகிராம், தோலுக்கடியில் ஊசி, இரண்டு வருடம். எனக்கு அதற்கு ஆறு மாதம் முன்பே சர்க்கரைக்காக மெட்ஃபார்மினோடு செமாகுளூடைடு தொடங்கியிருந்தது. ரைபெல்சஸ் என்ற பெயரில் வரும் மாத்திரை. 3 மி.கி.யில் ஆரம்பித்து 7, அப்புறம் 14.

"உனக்கு மட்டும் மாத்திரை, எனக்கு ஊசியாடி?" என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வி. நியாயமான கேள்விதான். இரண்டுமே பெப்டைடு, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சிறு புரதச் சங்கிலி. அம்மாவுடையது பாராதைராய்டு ஹார்மோனின் 84 அமினோ அமிலங்களில் முதல் 34. என்னுடையது குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோனைப் போலச் செய்தது, 31 அமினோ அமிலங்கள். பெப்டைடை விழுங்கினால் வயிறு அதைப் பருப்பைப் போலச் செரித்துவிடும். என் மாத்திரையில் அதைக் காப்பாற்றி உள்ளே அனுப்ப ஒரு துணைப்பொருள் சேர்த்திருக்கிறார்கள். அப்படியும் ரத்தத்தில் சேர்வது அதிகபட்சம் நூற்றில் ஒரு பங்குதான். அம்மாவின் ஒரு நாள் மருந்தைப் போல 700 மடங்கை நான் தினமும் விழுங்குகிறேன் என்று கணக்குப் போட்டுக் காட்டியதும் ஊசியைப் பற்றிய புகார் நின்றது.

அந்த மாத்திரை கேட்கும் விலை காப்பி. வெறும் வயிற்றில் அரை டம்ளர் தண்ணீர், அதற்குமேல் கூடாது. பிறகு அரை மணி நேரம் எதுவும் கூடாது. எதிரே அம்மா ஆற்றி ஆற்றிக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். 14 மி.கி.க்கு மாறியபோது மூன்று வாரம் குமட்டல், புளித்த ஏப்பம், மலச்சிக்கல். ஒரு நாள் ஆசைக்கு இரண்டு பரோட்டா தின்றுவிட்டு இரவெல்லாம் உட்கார்ந்தே இருந்தேன். இப்போது ஒன்றோடு கை தானாக நின்றுவிடுகிறது.

அம்மாவுக்குக் குமட்டல் இல்லை. மூன்றாம் நாள் ஊசி போட்டதும் எழுந்தவர் தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து ஊசி இரவு படுக்கையில்தான். சில மாதங்கள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அதுவும் பழகிப்போனது. ஊசி மருந்து பேனா வடிவில் வரும்; அந்தப் பேனாவைக் காப்பதுதான் பெரும்பாடு. குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையக் கூடாது, திறந்து 28 நாளானால் தூக்கிப் போட வேண்டும். ஒரு முறை நான் ஃப்ரீசரை ஒட்டி வைத்து ஒரு புதுப் பேனாவை உறைய வைத்துவிட்டேன். ஒரு மாத மருந்து குப்பைக்குப் போனது. அம்மா திட்டவில்லை, விலையை மட்டும் இரண்டு தரம் கேட்டார்.

எனக்கு இதில் வியப்பான விஷயம் ஒன்று உண்டு. பாராதைராய்டு ஹார்மோன் உடம்பில் இடைவிடாமல் அதிகமாக இருந்தால் எலும்பை அரிக்கும். அதையே தினம் ஒரு முறை கொஞ்சமாகக் கொடுத்து, சில மணி நேரத்தில் வெளியேறவிட்டால் எலும்பைக் கட்டுகிறது. வந்தவுடன் போய்விட வேண்டும், அதுதான் அதன் வேலையே. என்னுடையது நேர்மாறு. ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். அதனால்தானோ என்னவோ, நான் ஒரு நாள் மறந்தால் எனக்கே தெரிவதில்லை.

பலன்? மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி எனக்கு 8.4லிருந்து 6.9. எடை 78 கிலோவிலிருந்து 71. நடுவில் இரண்டு மாதம் நானே நிறுத்திப் பார்த்தேன். பசி பழையபடி வந்தது, மூன்று கிலோவும் கூடவே வந்தது. அம்மாவுக்கு இரண்டு வருட முடிவில் டி-ஸ்கோர் முதுகுத்தண்டில் மைனஸ் 2.9. இடுப்பில் பெரிய மாற்றமில்லை. ஆனால் அதற்குப் பிறகு புதிதாக எதுவும் முறியவில்லை.

சும்மா நிறுத்தினால் கட்டிய எலும்பு கரைந்துவிடும் என்பதால், ரத்தத்தில் கால்சியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்த்துவிட்டு 2025 ஆகஸ்ட்டில் சொலெட்ரானிக் அமிலம் ட்ரிப்பில் ஏற்றினார்கள். இரண்டு நாள் காய்ச்சலும் உடம்புவலியும் இருந்தன. இனி அது வருடம் ஒரு முறை. பேனா இருந்த தட்டில் இப்போது கறிவேப்பிலை இருக்கிறது.

"எனக்கு முடிஞ்சிருச்சு, உனக்கு எப்ப?" என்று அம்மா கேட்டார். டாக்டரிடம் அதையே கேட்டேன். "மூணு மாசம் கழிச்சு ரத்தப் பரிசோதனையோட வாங்க" என்றார்.