காற்று மாசு சென்சார்: மூன்று ஆண்டு ஓடவிட்டால் தெரிய வருபவை

லேசர் ஒளியைக் கொண்டு நுண்துகளை அளக்கும் சின்ன சென்சார்களுக்கு எழுதப்படும் மதிப்புரைகள் பெரும்பாலும் முதல் வாரத்தோடு நின்றுவிடுகின்றன. தீக்குச்சியை ஊதி அணைத்து அருகில் காட்டினால் எண் ஏறுகிறது. நன்றாக வேலை செய்கிறது என்று எழுதிவிடலாம். புகைக்கு ஏறாத சென்சார் கிடையாது. இரண்டாம் ஆண்டில், ஈரம் கனத்த ஒரு விடியலில் அது காட்டும் 40-ம் (ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராம் துகள்), வாங்கிய மாதத்தில் காட்டிய 40-ம் ஒரே அளவுதானா என்று கேட்க வேண்டும். மரத்துக்கும் பயிருக்கும் மண்ணுக்கும் மாசு என்ன செய்கிறது என்று பார்க்க நினைப்பவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். அங்கே ஒரு நாள் உச்சத்தைவிட ஆண்டுக் கணக்கான போக்குதான் வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஒரே ஒரு சென்சார் வாங்குவதாக இருந்தால் வாங்க வேண்டாம். ஒரே வகையில் மூன்று வாங்குங்கள். இரண்டை அருகருகே ஓடவிடுங்கள். மூன்றாவதைக் காற்றுப் புகாத பையில் போட்டு எடுத்து வையுங்கள். ஒரு சென்சார் பிசகத் தொடங்கினால் அதைத் தானாகச் சொல்ல அதற்கு வழியில்லை. பக்கத்தில் இருப்பதுதான் காட்டிக்கொடுக்கும். பர்ப்பிள்ஏர் என்னும் வெளிப்புறக் காற்று மாசு கருவிக்குள் பிளான்டவர் நிறுவனத்தின் சென்சார்கள் இரண்டு இருப்பதும் இதற்காகத்தான். இரண்டின் மணிச் சராசரியும் 5 மைக்ரோகிராமுக்கு மேல், அதோடு விகிதத்தில் பாதிக்கும் மேல் விலகினால், அந்த மணிக்கான பதிவைத் தள்ளிவிடுவது நல்லது.

ஆயுளைப் பொறுத்தவரை நோவா, பிளான்டவர், சென்சிரியான் என்னும் மூன்று நிறுவனங்களின் வகைகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. நோவா எஸ்.டி.எஸ்.011-இன் லேசருக்குத் தயாரிப்பாளர் சொல்வது 8000 மணி நேரம்; நிற்காமல் ஓடினால் 333 நாள்தான். ஆனால் அதற்குள்ளேயே இடைவெளி அமைப்பு இருக்கிறது. 5 என்று அமைத்தால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, 30 விநாடி ஓடி, அளவைச் சொல்லிவிட்டுத் தூங்கும். பத்தில் ஒரு பங்கு நேரமே லேசர் எரிவதால் ஆயுள் கணக்கில் 9 ஆண்டாகிறது. அதற்கு முன் விசிறியோ தூசியோ அதை முடித்துவிடும் என்பது வேறு. பிளான்டவர் பி.எம்.எஸ்.5003-க்குச் சொல்லப்படுவது சராசரியாக 3 ஆண்டு. இதையும் தூங்க வைக்கலாம், ஆனால் விழித்த முதல் 30 விநாடி தரும் எண்களை எடுக்கக் கூடாது. சென்சிரியான் எஸ்.பி.எஸ்.30 மூன்றிலும் விலை கூடியது. வாரத்துக்கு ஒருமுறை 10 விநாடி விசிறியை முழு வேகத்தில் சுற்றித் தன்னையே ஊதிக்கொள்ளும். நாள் முழுக்க ஓடினாலும் 10 ஆண்டு என்கிறார்கள். கையெட்டாத கம்பத்திலோ கூரையிலோ மாட்டுவதாக இருந்தால் இதற்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண் போகாது.

கோளாறு என்று வரும்போது சென்சாரைவிட மின்சாரம்தான் அதிகம் சதி செய்கிறது. பி.எம்.எஸ்.5003-க்கு 4.5 முதல் 5.5 வோல்ட் வேண்டும். மெல்லிய, நீண்ட யு.எஸ்.பி. ஒயரின் மறுமுனையில், சென்சாரின் எண்களைப் படிக்கும் வைஃபை போர்டு தரவு அனுப்பும் நொடியில் மின்னழுத்தம் அதற்குக் கீழே போய்விடும். விசிறி மெதுவாகும், உள்ளே இழுக்கும் காற்று குறையும், எண் குறையும். காற்று சுத்தமாகிவிட்டது போலத் தோன்றும். போர்டு நின்றுபோனால் உடனே தெரியும், இது தெரியாது, அதனால்தான் ஆபத்து. தடித்த ஒயர் போடுங்கள். சென்சார் முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். அங்கேயே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் பொருத்துங்கள். தரவுக் கம்பிகள் 3.3 வோல்ட்டுக்கானவை என்பதையும் மறக்கக் கூடாது.

சென்சார் அனுப்பும் தரவுத் தொகுப்பைச் சரிபார்க்காமல் எழுதிய நிரல்களும் தொல்லைதான். பி.எம்.எஸ்.5003 ஒவ்வொரு முறையும் 32 பைட் அனுப்பும். முதல் இரண்டு 66, 77. கடைசி இரண்டும் முன்னுள்ள 30 பைட்டுகளின் கூட்டுத்தொகை. கூட்டுத்தொகை பொருந்தாத தொகுப்பை எறிந்துவிட வேண்டும். இல்லையென்றால் மாதத்தில் நாலைந்து முறை வானத்தைத் தொடும் பொய் எண்கள் சராசரியைக் கெடுக்கும். அதே தொகுப்பில் பி.எம். 2.5-க்கு, அதாவது 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத நுண்துகளுக்கு, இரண்டு மதிப்புகள் வரும்: தொழிற்சாலைச் சூழலுக்கென்று தயாரிப்பாளர் சொல்லும் சி.எஃப். 1 என்பது ஒன்று, திறந்த வெளிக்கான வளிமண்டல மதிப்பு மற்றொன்று. ஏறக்குறைய 30 மைக்ரோகிராம் வரை இரண்டும் ஒன்றாகவே போகும். பிறகு பிரிந்து, மாசு மிகும்போது இரண்டாவது முதலாவதில் மூன்றில் இரண்டு பங்காகிவிடும். எதைப் பதிகிறோம் என்று குறித்து வைக்காத தரவு பின்னால் பயன்படாது. இரண்டையும் பதிந்துவிடுவதே மேல்.

அடுத்தது ஈரம். மூன்றாண்டுத் தரவில் வரும் பிழையில் பெரும்பங்கு இதனால்தான். சல்ஃபேட், நைட்ரேட் போன்ற உப்புத் துகள்கள் ஈரத்தை உறிஞ்சி ஊதும். ஊதிய துகள் கூடுதல் ஒளியைச் சிதறடிக்கும். சென்சார் அளப்பது எடையை அல்ல, சிதறிய ஒளியை. ஆகவே துகளின் எடையோடு தண்ணீரையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் எண் கிடுகிடுவென ஏறும். பனிமூட்டத்தில் நீர்த்துளிகளையே துகளாக எண்ணும். விடியற்காலை உச்சத்தை வைத்து எந்த முடிவுக்கும் வருவதற்கு முன் பக்கத்தில் ஈரப்பதக் கோட்டையும் வரைந்து பாருங்கள்.

திருத்துவதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்கள் 2021-இல் பர்ப்பிள்ஏர் கருவிக்காக வெளியிட்ட சமன்பாடு எளிமையானது: சி.எஃப். 1 மதிப்பை 0.524-ஆல் பெருக்கி, ஈரப்பத சதவீதத்தை 0.0862-ஆல் பெருக்கிக் கழித்து, 5.75 கூட்ட வேண்டும். சென்சார் 60 காட்டி ஈரப்பதம் 70 ஆக இருந்தால் திருத்திய அளவு ஏறக்குறைய 31. பாதியாகிவிடுகிறது! திருத்தாத எண்ணை வைத்து ஊரைப் பயமுறுத்துவது எவ்வளவு எளிது என்று இதிலிருந்தே புரியும். இங்கே போட வேண்டியது பெட்டிக்குள் இருக்கும் சென்சார் காட்டும் ஈரப்பதம். பெட்டி சூடாவதால் அது வெளியைவிடக் குறைவாகவே இருக்கும், சமன்பாடு அந்த எண்ணைக் கொண்டுதான் உருவாக்கப்பட்டது. சுத்தமான, ஈரமான நாளில் விடை பூச்சியத்துக்குக் கீழே போகக்கூடும். அதைச் சராசரி எடுக்கும் வரை அப்படியே விட்டுவையுங்கள், பூச்சியமாக்கினால் சராசரி ஒருபக்கம் சாயும். இந்தச் சமன்பாடு எஸ்.டி.எஸ்.011-க்குப் பொருந்தாது, புழுதிக்கும் பொருந்தாது. முடிந்தால் அரசுக் கண்காணிப்பு நிலையம் ஒன்றின் அருகே அனுமதி பெற்று இரண்டு முதல் நான்கு வாரம் வைத்து, உங்களுக்கான சமன்பாட்டை நீங்களே எடுப்பது இதைவிட நல்லது.

10 மைக்ரோமீட்டர் வரையுள்ள துகளைக் குறிக்கும் பி.எம். 10 பற்றி ஒரே வரி: இந்தச் சென்சார்களின் பி.எம். 10 எண்ணை நம்பாதீர்கள். பெரிய துகளை இவை சரியாகக் காண்பதில்லை. நுண்துகளிலிருந்து ஊகித்துச் சொல்கின்றன. புழுதிப் புயல் அடிக்கும்போதும் அமைதியாக இருக்கும்.

ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய சோதனை இரண்டு. முதலாவது, நுண்துகளைப் பிடித்துவிடும் ஹெப்பா வடிகட்டி வழியாகக் காற்று ஊதப்படும் மூடிய டப்பாவுக்குள் சென்சாரை வைப்பது. சில நிமிடங்களில் எண் 0 அல்லது 1-க்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் உள்ளே தூசி படிந்திருக்கிறது, அல்லது சிலந்தி நூல் லேசர் பாதையில் கிடக்கிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கேமரா லென்ஸை ஊதும் ரப்பர் பல்பால் காற்றுத் துளையில் ஊதுங்கள். ஆனால் லேசர் மங்கிப்போயிருந்தால் இந்தச் சோதனையில் அது தெரியாது, பூச்சியம் பூச்சியமாகவே இருக்கும். அதற்குத்தான் எடுத்து வைத்த மூன்றாவது சென்சார். அதை ஒரு வாரம் பக்கத்தில் ஓடவிட்டால் 168 மணிச் சராசரிகள் கிடைக்கும். அவற்றுக்கு எதிரே பழையதன் எண்களை வரைபடத்தில் புள்ளிகளாக இட்டு, அவற்றோடு பொருந்தும் கோட்டின் சாய்வைப் பாருங்கள். 0.8-க்கும் 1.2-க்கும் வெளியே போனால் பழையதை மாற்றிவிடுவேன்.

சென்சாரை வைக்கும் பெட்டியில் பூச்சி புகாமலிருக்க 1 மில்லிமீட்டர் கண்ணுள்ள வலை போதும். அதைவிட நுணுக்கமானது அடைத்துக்கொள்ளும். பி.எம்.எஸ்.5003-இல் காற்று நுழையும் துளையும் வெளியேறும் துளையும் ஒரே பக்கத்தில் இருப்பதால் நடுவே ஒரு தடுப்பு வைக்காவிட்டால் விட்ட காற்றையே மீண்டும் இழுக்கும்.

இவ்வளவும் செய்தாலும் ஒன்றை மனதில் வையுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டு அளவு பி.எம். 2.5-க்கு ஆண்டுச் சராசரியாக 5, நாள் சராசரியாக 15 மைக்ரோகிராம். பி.எம்.எஸ்.5003-க்குத் தயாரிப்பாளரே சொல்லும் பிழை, 100-க்குக் கீழே 10 மைக்ரோகிராம் கூடலாம், குறையலாம் என்பது. ஆகவே ஓர் இடம் அந்த வரம்பைத் தாண்டியதா என்று தீர்ப்புச் சொல்ல இதனால் ஆகாது. எந்த மணியில் கூடுகிறது, எந்தத் திசைக் காற்றில் கூடுகிறது, சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு எப்படி என்பவற்றுக்கு மிக நன்றாக உதவும்.

செடிகளைப் பாதிக்கும் வாயுக்கள் இந்த சென்சார்களின் கண்ணில் படுவதே இல்லை. நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு, அந்த வாயுவை உறிஞ்சும் டிரை எத்தனால் அமீன் தடவிய, வாயு தானே பரவி உள்ளே சேரும் 7 சென்டிமீட்டர் பரவல் குழாயே இன்னும் நம்பகமான மலிவு வழி. வாய் கீழே பார்க்க, 2 முதல் 4 மீட்டர் உயரத்தில், சுவரை ஒட்டாமல் தள்ளி மாட்டி, 2 முதல் 4 வாரம் விட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மாட்டிய நேரத்தையும் எடுத்த நேரத்தையும் குறியுங்கள். ஓரிடத்தில் மூன்று குழாய், ஒப்பிடத் திறக்காத குழாய் ஒன்று என்பது குறைந்தபட்சம். பலத்த காற்று வாய்க்குள் புகுந்தால் பரவும் தூரம் குறைந்து அளவு கூடுதலாகக் காட்டும்.

ஓசோனில் இன்னும் கவனம் வேண்டும். மின்வேதிச் சென்சார்கள் ஓசோனையும் நைட்ரஜன் டை ஆக்சைடையும் கலந்தே உணர்கின்றன. வாகனப் புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்றுவிடுவதால் சாலையோரத்தில் குறைவாகவும், நகரிலிருந்து காற்று வீசிச்செல்லும் வயல்வெளியில் கூடுதலாகவும் இருக்கும். சாலையோரக் கருவியை வைத்துப் பயிரைப் பற்றிப் பேச முடியாததற்கு இதுவே காரணம். பெல்-டபிள்யூ3 என்னும் புகையிலை வகை ஓசோனை எளிதில் காட்டிக்கொடுக்கும்; அதன் அருகே தாங்கும் திறனுள்ள பெல்-பி வகையையும் நட்டு ஒப்பிடுவார்கள். பாதிப்பு, இலையின் மேற்பரப்பில், நரம்புகளுக்கு இடையே நுண்புள்ளிகளாக, முதிர்ந்த இலையில் முதலில் வரும். மேலே இன்னொரு இலை மறைத்த பகுதியில் பெரும்பாலும் புள்ளி இராது. அடிப்பக்கத்தில் நூலாம்படையோடு இருந்தால் அது சிலந்திப்பேன். பலர் தவறுவது இங்கேதான்.

லைக்கன் எனப்படும் மரப்பட்டைப் பாசிக்கு வேரும் இல்லை, மெழுகுத் தோலும் இல்லை. வேண்டியதைக் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் எடுப்பதால் கந்தக டை ஆக்சைடுக்கு முதலில் மடிவது அதுதான். ஒரே மர இனத்தில், தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் தொடங்கி, 10 சென்டிமீட்டர் கட்டங்கள் ஐந்தை ஏணிபோல நான்கு திசையிலும் வைத்து, எந்த லைக்கன் இனம் எத்தனை கட்டத்தில் இருக்கிறது என்று எண்ணுங்கள். மாதாமாதம் எண்ணிப் பயனில்லை, வளர்ச்சி அவ்வளவு மெதுவானது. சான்தோரியா என்னும் மஞ்சள் லைக்கன் பெருகினால் காற்று நன்றாகிவிட்டது என்று மகிழ வேண்டாம், அமோனியா கூடியிருக்கலாம்.

மழைநீரின் பி.எச்., அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண்ணை அளப்பதும் சேர்க்கத் தக்கதே. கரியமில வாயு மட்டும் கரைந்த தூய நீர் 5.6 காட்டும், அதற்குக் கீழே இருப்பதைத்தான் அமில மழை என்கிறோம். பாத்திரத்தை மழை தொடங்கும்போதுதான் திறக்க வேண்டும். முன்பே திறந்து வைத்தால் சுண்ணாம்புத் தன்மையுள்ள புழுதி விழுந்து அமிலத்தை முறித்துவிடும், மழை நல்லதாகத் தெரியும். உப்பு குறைந்த நீரில் மீட்டர் நிலைக்கு வர நேரமெடுக்கும். 4-ம் 7-ம் கொண்ட கரைசல்களில் அளவைச் சரிசெய்து, வடிநீரில் அலசி, எண் அசையாமல் நிற்கும் வரை பொறுத்துப் பதியுங்கள். மழை பெய்த அதே நாளில் அளந்துவிட வேண்டும்.