மழைக்காலத்தில் கடலோரச் சாலை: கேம்பர்வேனா, காரும் ஹோட்டலுமா?

கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போனால் சுமார் 350 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். நானும் என் கணவரும் இரண்டு நவம்பர் மாதங்களில் அந்தச் சாலையை விட்டுவிட்டு, ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையைப் பிடித்துக் கடலோரமாகவே ஐந்து இரவுகள் எடுத்துப் போனோம். 2023இல் எங்கள் மைவி காரில், சின்ன ஊர் ஹோட்டல்களில் தங்கி. 2024இல் வாடகைக்கு எடுத்த கேம்பர்வேனில், அதாவது படுக்கையும் அடுப்பும் உள்ள வேனில். கோல சிலாங்கூர், செகிஞ்சான், சபாக் பெர்ணம், தெலுக் இந்தான், சித்தியவான், பந்தாய் ரெமிஸ், தைப்பிங், கடைசியில் பட்டர்வொர்த். இரண்டு தடவையும் அதே ஊர்கள், அதே மழை. அதனால்தான் ஒப்பிட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் வருகிறது.

முதலில் மழையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வண்டியை முடிவு செய்வதே அதுதான். அக்டோபர், நவம்பரில் மேற்குக் கரையில் பெய்வது நாள் முழுக்கத் தூறும் மழை இல்லை. காலையில் வெயில் நன்றாக அடிக்கும். மத்தியானம் மூன்று மணி வாக்கில் வானம் கறுக்கும், இடி இடிக்கும், கொட்டித் தீர்க்கும். ஏழு எட்டு மணிக்கு விடும். ஆக, உங்கள் பயண நாள் மூன்று மணிக்கே முடிந்துவிடுகிறது. மூன்றிலிருந்து எட்டு வரை எங்கே உட்கார்ந்திருக்கப் போகிறீர்கள்? வேனா காரா என்ற கேள்வியில் பாதி இதுதான். மீதிப் பாதி, இரவு காய்ந்த படுக்கையில் தூங்க முடியுமா என்பது.

கிழக்குக் கரையை நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குவாந்தான், செராத்திங், டுங்குன், கோல திரங்கானு வழியும் அழகான வழிதான், வேனுக்கு இன்னும் பொருத்தமான வழியும்கூட. ஆனால் ஏப்ரலிலிருந்து செப்டம்பருக்குள் போங்கள். நவம்பர் தொடங்கி வடகிழக்குப் பருவமழை அங்கே நாள் கணக்கில் பெய்யும். 2014 டிசம்பரில் கிளந்தான் எப்படி மூழ்கியது என்று நமக்கெல்லாம் நினைவிருக்கிறது. ஆண்டு இறுதியில் அந்தப் பக்கம் வேனும் வேண்டாம், காரும் வேண்டாம்.

மூன்றிலிருந்து எட்டு வரை

காரில் போன வருஷம் நாங்கள் செய்தது இதுதான்: இரண்டரைக்குள் ஊரைப் பிடித்து, அறைக்குப் போய், மழை விடும்வரை படுத்திருந்தோம். சின்ன ஊர் ஹோட்டல் அறைகள் பெரும்பாலும் கடைவீட்டின் மேல்மாடியில் இருக்கும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான். மழைச் சத்தம்கூட ஏ.சி. சத்தத்துக்கு அடியில்தான் கேட்டது. மழையைப் பார்க்கவென்றே கிளம்பிய நாங்கள் அதைப் பார்க்காமலேயே மூன்று சாயங்காலங்களைக் கழித்தோம்.

வேனில் இது அப்படியே தலைகீழ். செகிஞ்சானில் ஒரு கடைக்காரரிடம் கேட்டு, அவர் கடையின் பக்கவாட்டில் தார் போட்ட இடத்தில் வண்டியை நிறுத்தினோம். பின்கதவைத் திறந்தால் எதிரே வயல்தான். அங்கே வருஷத்துக்கு இரண்டு போகம். அப்போது கதிர் மஞ்சள் ஏறி நின்றது. மழை கடல் பக்கமிருந்து வயலைத் தாண்டி வருவதை நாங்கள் முதலில் பார்த்தோம், பிறகு கேட்டோம், அப்புறம்தான் அது வண்டிக் கூரையைத் தொட்டது. நான் ரசம் வைத்தேன். என் கணவர் கால்களைக் கதவுக்கு வெளியே நீட்டி, ஓரம் நனைய உட்கார்ந்திருந்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் நாங்கள் இருவரும் எந்த வேலையும் இல்லாமல் ஒரே திசையைப் பார்த்து நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் வேனுக்கு நிகர் எதுவுமில்லை. இதற்கு மேல் வாதாடவும் நான் தயாராக இல்லை.

வேனுக்கு இன்னொரு பலம், நேரம் கையில் இருப்பது. கோல சிலாங்கூரில் கம்போங் குவாந்தான் ஆற்றோரம் பெரம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டமாக ஒளிரும். பலத்த மழையில் படகு விட மாட்டார்கள். கார் வருஷம் அன்றிரவுக்கே தெலுக் இந்தானில் அறை எடுத்திருந்தோம். மழை விடக் காத்திருந்தால், அதற்கப்புறம் செம்பனை லோரிகளுக்கு நடுவே இருட்டில் நீண்ட தூரம் ஓட்ட வேண்டும். மின்மினியை விட்டுவிட்டுக் கிளம்பினோம். வேன் வருஷம் படகுத்துறை அருகிலேயே அனுமதி கேட்டு நிறுத்தி, ஒன்பது மணிக்கு மழை விட்டதும் படகேறினோம். ஆனால் ஒரு தப்பு செய்துவிட்டோம். தீபாவளி அமாவாசை என்பதை மறந்து, இரண்டு வாரம் கழித்துக் கிளம்பியதால் பௌர்ணமி நெருங்கிவிட்டது. மேகம் விலகினதும் நிலா வெளிச்சத்தில் மின்மினிகள் மங்கிவிட்டன. மின்மினி பார்க்க வேண்டுமென்றால் அமாவாசையை ஒட்டிப் போங்கள்.

பௌர்ணமிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெரிதாக ஏறும். இந்தக் கரை முழுக்கச் சேறும் சதுப்புக் காடும்தான். ஆற்று முகத்தில் இருக்கும் மீனவக் கம்பங்களில் (கிராமங்களில்) கடல் நீர் ரோட்டுக்கே வரும். மேலே மழைத் தண்ணீரும் சேர்ந்தால் வடிய வழியில்லை. வேனில் தூங்குகிறவர்கள் அந்த நாள்களில் படகுத்துறைப் பக்கம் இரவு நிறுத்தவே கூடாது. தென்னை மரத்தடியிலும் வேண்டாம். பாகான் டத்தோ பக்கம் திரும்பினால் எங்கே பார்த்தாலும் தென்னைதான், காற்றடிக்கும்போது காய் எங்கே விழும் என்று யாருக்குத் தெரியும்? எங்களுக்கு நல்ல இடமாக அமைந்தவை தோட்டத்து மாரியம்மன் கோயில் வளாகங்கள். மேட்டு நிலம், விளக்கு, தண்ணீர்க் குழாய் மூன்றும் இருக்கும். முன்கூட்டியே கோயில் பொறுப்பாளரிடம் கேளுங்கள், காலையில் இடத்தைக் கூட்டிவிட்டுக் கிளம்புங்கள். ஒரு கோயிலில் ஓர் அம்மா விடிகாலையில் எங்களுக்குத் தே ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

இரவு

இங்கே கார்க் கட்சிதான் ஜெயிக்கிறது, அதுவும் சுலபமாக.

மழை இரவில் வேனின் ஜன்னல்களை மூட வேண்டும். மூடினால் புழுக்கம். இரண்டு பேரின் மூச்சே கண்ணாடியில் தண்ணீராக வழியும். ஏ.சி. போடலாமே என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட்டில் 100 ஆம்பியர் மணி பேட்டரி என்றால் மொத்தம் 1,200 வாட் மணிதான். ஆயிரம் வாட் இழுக்கும் ஏ.சி.யை ஒரு மணி நேரத்துக்கு மேல் அது தாங்காது. கூரையில் சோலார் தகடு இருந்தாலும் இந்த மாத வானத்தில் அது முழுதாக நிரப்பாது. வெளியிலிருந்து மின்சாரம் இழுக்க வசதியுள்ள முகாம்கள் இந்தப் பாதையில் எங்கள் கண்ணில் படவில்லை. கடைசியில் துணை, கூரையில் இருக்கும் சின்ன விசிறி மட்டுமே. மழைமறைப்பு இருந்தால் அதைத் திறந்து வைத்துத் தூங்கலாம்.

எங்கள் வண்டியில் அந்த விசிறியின் ஓரம்தான் ஒழுகியது. தெலுக் இந்தானில், இரவு இரண்டு மணிக்கு.

“என்னங்க, மெத்தை நனையுது.”

“வாளிய இங்க வைம்மா.”

வாளி வைத்தோம், துணி அடைத்தோம், விடியும்வரை ஒரு பக்கமாக ஒடுங்கிப் படுத்தோம். மறுநாள் அந்த மெத்தையைக் காயவைக்க எங்களுக்கு வெயில் மூன்று மணி வரைதான் கிடைத்தது. வாடகைக்கு விட்டவர்களுக்குப் போன் போட்டால், திரும்பி வந்ததும் பார்க்கலாம் என்றார்கள். அதனால் சொல்கிறேன், வேனைக் கையில் வாங்குமுன் கூரை மேல் நான்கு வாளித் தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். கூச்சமே படாதீர்கள். இன்னொன்றும் கேளுங்கள்: வெள்ளக் காப்பு உண்டா? நம் நாட்டில் முழுமையான வாகனக் காப்புறுதியிலும் வெள்ளச் சேதம் தானாக அடங்காது, தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலம், கிள்ளான் பக்கம் தண்ணீரில் மூழ்கிய கார்களின் சொந்தக்காரர்கள் பலர் அப்போதுதான் இதைத் தெரிந்துகொண்டார்கள்.

மாறாக, கார் வருஷத்தில் தெலுக் இந்தான் இரவு எப்படி இருந்தது? குளித்தோம், ஈரத் துணியை விசிறிக்கு அடியில் காயப்போட்டோம், குடை எடுத்துக்கொண்டு சாய்ந்த கோபுரம் வரை நடந்து போனோம். 1885இல் கட்டியது அது. வெளியே பார்த்தால் எட்டு மாடி, உள்ளே மூன்றுதான். ஊருக்குத் தண்ணீர்த் தொட்டியாக இருந்திருக்கிறது. மழையில் நனைந்த சதுக்கத்தில் அதன் நிழல் தலைகீழாகத் தெரிந்தது. திரும்பி வந்து சுகமாகத் தூங்கினோம். நடந்து சுற்றுவதற்கென்றே இருக்கும் ஊரில் அறைதான் சரி. வேனை ஊருக்குள் நிறுத்த இடம் தேடியே பாதிச் சாயங்காலம் போய்விடும்.

தைப்பிங்கும் அப்படித்தான். தீபகற்பத்திலேயே மழை அதிகம் பெய்யும் ஊர்களில் ஒன்று. மழை எத்தனை மணிக்கு வரும் என்று அந்தக் காலத்தில் பந்தயம் கட்டுவார்களாம். ஏரித் தோட்டத்தின் தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டித் தண்ணீர் மேல் சாய்ந்து நிற்கும். மழை நின்ற அரைமணி நேரத்தில் அங்கே நடக்க வேண்டும். அதற்கு ஊருக்குள் ஓர் அறை எடுத்தால்தான் முடியும். அங்கிருந்து கோல செபத்தாங் பக்கம்தான். நாட்டின் முதல் ரயில் 1885இல் ஓடியது இந்த இரண்டு ஊருக்கும் நடுவில்தான், அப்போது கோல செபத்தாங்கின் பெயர் போர்ட் வெல்ட். அங்கே சதுப்புக் காட்டு பாக்காவ் மரத்தைக் கரியாக்கும் சூளைகள் குவிமாடம் மாதிரி வரிசையாக நிற்கின்றன. ஒரு சூளை முடிய ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்குமாம். மழை நாளில் அந்தக் கொட்டகைக்குள் நின்று பாருங்கள். மூன்று நாளாக ஈரத்தில் ஊறிய உடம்புக்கு அந்த வறண்ட சூடு எப்படி இருந்தது என்று சொல்ல முடியாது. வேனில் வந்த வருஷம்தான் அதன் அருமை எனக்குப் புரிந்தது. கார் வருஷம் புகை நாற்றம் என்று பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன்.

பணம்

இதில் போட்டியே இல்லை. கார் வருஷம் ஐந்து இரவு அறை வாடகை எங்களுக்கு 650 வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிந்தது. வேன் வாடகை மட்டும் ஒரு நாளுக்கு 450 வெள்ளி. வேனில் சமைத்தால் சாப்பாட்டுச் செலவு மிச்சமாகும் என்று நினைத்தோம். மழையில் கதவை மூடிக்கொண்டு கேஸ் அடுப்பு பற்றவைப்பது ஆபத்து, காற்றடிக்கும்போது வெளிக்கூரைத் துணியை விரிக்கவும் முடியாது. ஆக, ஐந்து நாளில் இரண்டு வேளைதான் சமைத்தோம். மற்றபடி கடைதான். டீசலும் பழைய டீசல் இல்லை. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35க்கு ஏறியது. வேன் எடுப்பவர்கள் இன்றைய விலையைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள பெரிய வண்டி என்றால் டோலிலும் இரண்டாம் வகுப்புக் கட்டணம்.

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவன் இந்தச் சாலைக்கு வேண்டாம். ஓரம் குறுகல், லோரி அதிகம், திருப்ப இடமில்லை.

பினாங்குக்கு வந்ததும் இரண்டு கட்சியும் ஒன்றுதான். 2021லிருந்து ஃபெரியில் கார் ஏற்றுவதில்லை, வேனும் அப்படியே. பாலத்தில் போகலாம், 13.5 கிலோமீட்டர். ஆனால் ஜார்ஜ்டவுன் சந்துகளில் வேனை வைத்துக்கொண்டு திண்டாடுவதைவிட, பட்டர்வொர்த்தில் நிறுத்திவிட்டுப் பயணிகள் ஃபெரியில் ஏறுங்கள். மழைக்குள் தீவு தெரிவதும் மறைவதுமாக இருக்கும். காரில் வந்தவர்களுக்கும் நான் இதையே சொல்வேன்.

என்னிடம் ஒரே பதில் கேட்டால் இதுதான்: முதல் தடவை போகிற ஜோடி காரில் போகட்டும். ஆனால் ஜன்னல் ஆற்றையோ வயலையோ பார்த்திருக்கும் அறை கிடைக்குமா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டு எடுக்கட்டும். சாலை பழகியவர்கள் வேன் எடுக்கலாம், தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் அதில் தூங்காமல். என் கணவர் இன்னும் கார்க் கட்சிதான். இந்த வருஷத்துக்குச் சமரசமாகி இருக்கிறோம். கோல சிலாங்கூரிலும் செகிஞ்சானிலும் வேன், தெலுக் இந்தானில் அறை, பந்தாய் ரெமிஸ் பக்கம் ஓர் இரவு வேன், தைப்பிங்கில் இரண்டு நாள் அறை. கிளம்பும் நாளை அவர் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்துவிட்டார், அமாவாசைக்கு ஒரு நாள் முன்னால். மின்மினிக்கு அது நல்ல இருட்டு. ஓதம் ஏறும் நாளும் அதுதான் என்பதால் முதல் இரவு ஆற்றோரம் நிறுத்தாமல், படகு முடிந்ததும் மேட்டுக் கோயிலுக்குப் போய்விடுவோம். கூரை மேல் ஊற்ற வாளியை நான் எடுத்து வைத்திருக்கிறேன்.