மைத்ரியா, விபாசனாவா: எதில் தொடங்குவது?

பௌத்த தியானத்தில் மைத்ரியால் கருணையை முதலில் வளர்ப்பதா, விபாசனாவால் ஞானத்தையா என்று அல்சூர் நண்பர்கள் கேட்கிறார்கள். பெங்களூரில் இரண்டுக்கும் இடம் உண்டு. காந்திநகரில் 1956-இல் ஆச்சார்ய புத்தரக்கிதர் தொடங்கிய மகாபோதி சங்கம் இருக்கிறது. எஸ்.என்.கோயங்கா என்ற ஆசிரியரின் மரபில் வரும் விபாசனா மையம் தும்கூர் சாலைப் பக்கம்.

மைத்ரி தியானத்தில் முதலில் நமக்கு, அப்புறம் பிடித்தவருக்கு, முன்பின் தெரியாதவருக்கு, கடைசியில் பகையாளிக்கு என்று நல்லெண்ணத்தை விரித்துக்கொண்டே போக வேண்டும், சில்க் போர்டு நெரிசலில் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே கூடச் செய்யலாம், ஆனால் 'நான் எவ்வளவு நல்லவன்' என்கிற நினைப்பு சத்தமில்லாமல் உள்ளே நுழைந்துவிடும். கருணைக்கு நேர்மாறான தூரத்து எதிரி கொடுமை, கருணை மாதிரியே தோன்றும் பக்கத்து எதிரி துயரம் என்கிறது விசுத்திமக்கம் என்ற பழைய பௌத்த நூல். அடுத்தவர் கஷ்டத்தைப் பார்த்து நாமே இடிந்துபோனால் யாருக்கு என்ன லாபம்? அங்கேதான் நிலையாமையைப் பார்க்கும் பயிற்சியான விபாசனா தேவைப்படுகிறது.

விபாசனா முகாம் 10 நாள். கட்டணம் இல்லை, மௌனம் உண்டு, ஐ.டி.காரர்களுக்கு லீவுதான் பிரச்சினை. முதல் மூன்று நாள் மூச்சு, பிறகு உடலில் தோன்றி மறையும் உணர்ச்சிகள். கடைசியில் அங்கேயும் மைத்ரி சொல்லித்தருகிறார்கள், அதனால் இதை வறட்டு ஞானம் என்பது சரியில்லை.

என்னைக் கேட்டால், சட்டென்று கோபம் வருகிறவர் மைத்ரியில் தொடங்கட்டும், விசுத்திமக்கமும் கோபக்காரருக்கு அதைத்தான் சொல்கிறது. மற்றவர்கள், லீவு கிடைத்தால் தும்கூர் சாலை.