ஸ்லீவ் போட்டதாகச் சொல்லி 1,42,000 ரூபாய் வாங்கிவிட்டார்: டர்போ ஆசை உள்ளவர்கள் படியுங்கள்

நேற்று மாலைதான் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினோம். இரவு முழுக்கத் தூக்கமில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது 2001 ஹோண்டா சிட்டி, 1.5 விடெக். கோவை செட்டிப்பாளையம் கரி பந்தய டிராக்கில் ஓட்டுவதற்காகவே, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளிச் சக்தியைக் கூட்டும் டர்போ போட நினைத்தேன். இந்த எஞ்சினின் பிளாக், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் உடல், அலுமினியம். சிலிண்டருக்குள்ளே பிஸ்டன் உரசி ஓடும் குழாய், மெல்லிய வார்ப்பிரும்பு லைனர். மேல்பக்கம் திறந்த அமைப்பு. அதாவது நான்கு சிலிண்டர்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வெளிச்சுவரைத் தொடாமல் கூலன்ட்டுக்கு நடுவே நிற்கும். கம்பெனி கொடுத்த சக்திக்கு அது போதும். டர்போ அழுத்தம் ஏறினால் சிலிண்டரின் மேல்முனை அசையும், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே உள்ள கேஸ்கெட் போகும், லைனர் விரிசல் விடும். அதனால் பழைய லைனரைக் குடைந்து எடுத்துவிட்டுத் தடித்த, எளிதில் உடையாத டக்டைல் இரும்புக் குழாயை, அதாவது ஸ்லீவை, இறக்குவதுதான் முறை. இதெல்லாம் தெரிந்துதான் போனேன். தெரிந்தும் ஏமாந்தேன், அதுதான் வயிற்றெரிச்சல்.

ஆள் கோவையில் சிலிண்டர் குடைந்து சீர்செய்யும் ஒரு ரீபோர் பட்டறைக்காரர். காணொளிகள் போடுகிறவர். போனதும் செய்தித்தாளில் சுற்றிய ஒரு ஸ்லீவை எடுத்து என் கையில் வைத்தார். "தம்பி, சாவியால் தட்டிப் பாருங்கள்" என்றார். தட்டினேன். கோயில் மணிபோல் நீண்டு ஒலித்தது. சாதாரண வார்ப்பிரும்பு அப்படி ஒலிக்காது, 'டொக்' என்று அடங்கிவிடும். மேல்விளிம்பில் அகலமான காலர், உள்ளே எண்ணெய்ப் பளபளப்பு. "இது நான்கும் உங்கள் பிளாக்குக்குத்தான்" என்றார். அந்த ஓசையிலேயே நான் விழுந்துவிட்டேன். அன்றே 80,000 முன்பணம். பிளாக் வந்த அன்று மீதி 62,000. மொத்தம் 1,42,000.

பிளாக்கைத் திரும்ப வாங்கியபோது சிலிண்டர்களைச் சுற்றி மேலே பளிச்சென்று புது உலோகம் தெரிந்தது. ஸ்லீவின் காலர்தான் என்று நினைத்துக்கொண்டேன். பழைய லைனரும் இரும்புதான் என்பதால் சிலிண்டருக்குள் காந்தம் வைத்துப் பார்த்தும் பயனில்லை.

400 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. டர்போ அழுத்தம் 0.5 பார்தான் வைத்திருந்தேன். வெப்பமானி முள் சிவப்புக்குப் போனது, கூலன்ட் டப்பாவில் குமிழ் குமிழாகக் கொப்பளித்தது.

போன் செய்தேன். முதலில், "டியூனிங் சரியில்லை, தம்பி." பிறகு, "பெட்ரோல் எங்கே போட்டீர்கள்?" அதன் பிறகு, "வேலை பார்த்த பையன் ஊருக்குப் போயிருக்கிறான்." ஆடி முடியட்டும் என்றார். முடிந்தது. ஆயுத பூஜைக்குப் பட்டறை துடைக்கிறோம் என்றார். கடைசியில் நேரில் போய் நின்றபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: "கேஸ் போடுங்கள். அனுமதியில்லாமல் டர்போ போட்ட வண்டி என்று முதலில் மாட்டுவது நீங்கள்தான்."

நேற்று வேறொரு பட்டறையில், வயதான மிஸ்திரி ஒருவர் மண்ணெண்ணெய்த் துணியால் பிளாக்கின் மேல்தளத்தைத் துடைத்தார். பளிச்சென்ற அந்த உலோகம் ஸ்லீவே இல்லை. அலுமினியத் தகட்டை வெட்டி, சிலிண்டருக்கும் வெளிச்சுவருக்கும் இடையே சுத்தியலால் அடித்து இறக்கியிருக்கிறார்கள். அடித்த தழும்புகள் வரிசையாக இருக்கின்றன. உள்ளே அதே பழைய லைனர்! சிலிண்டரின் உள்விட்டத்தை, அதாவது போரை, அளக்கும் போர் கேஜ் வைத்தார்: ஒரு பக்கம் 75.02 மில்லிமீட்டர், குறுக்கே 75.11. தகட்டை அடித்து இறக்கியதில் போர் நெளிந்திருக்கிறது. அதன் பிறகு உள்சுவரைத் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங்கே செய்யவில்லை. போதாக்குறைக்கு அந்தத் தகடு, எஞ்சினிலேயே அதிகம் சூடாகும் இடத்தில் கூலன்ட் ஓட்டத்தையும் பாதி அடைத்திருக்கிறது. சும்மா விட்டிருந்தால்கூட பிளாக் இதைவிட நன்றாக இருந்திருக்கும் என்றார் மிஸ்திரி. இதற்கா 1,42,000?

மிஸ்திரியின் பட்டறையில் என்னைப் போலவே ஏமாந்த இன்னொருவரையும் பார்த்தேன். அவரிடமும் அந்த ரீபோர்காரர் செய்தித்தாளைப் பிரித்து, சாவியால் தட்டச் சொல்லியிருக்கிறார். ஒரே ஸ்லீவைத்தான் எல்லாருக்கும் காட்டுகிறார் போலிருக்கிறது.

எப்படிச் சரிபார்ப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமையில்லை. பழைய லைனரைக் குடையும்போது கூடவே நில்லுங்கள். ஹெட்டை முறுக்கும்போது சிலிண்டர் சற்று நெளியும் என்பதால், ஹெட்டுக்குப் பதிலாகத் தடித்த டார்க் (torque) பிளேட்டை முறுக்கிவைத்துத்தான் ஹோனிங் செய்ய வேண்டும். அந்தப் பிளேட் இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். ஒவ்வொரு போரின் அளவையும் தாளில் எழுதி வாங்குங்கள். பில்லில் 'எஞ்சின் வேலை' என்று மட்டும் இருந்தால் பணம் கொடுக்காதீர்கள். என் பில்லில் அதுதான் இருக்கிறது, அதுவும் 28,000-க்கு. மீதியெல்லாம் ரொக்கம், வரி மிச்சம் என்றார். நானும் தலையாட்டினேன்.

மிஸ்திரி அந்தத் தகட்டை நெம்பி எடுத்துப் பார்க்கிறேன் என்றிருக்கிறார். பிளாக் தேறுமா என்பது அப்போதுதான் தெரியும்.