முகத்துவாரத்துப் பட்டறையில் செய்வித்த நெடுவில்: ஓர் இடக்கைக்காரியின் மதிப்புரை

இடக்கையால் நாண் இழுக்கிறவர்களுக்குக் கொழும்பில் நெடுவில் கிடைப்பது லேசான காரியமில்லை. விளையாட்டுச் சாமான் கடைகளில் கேட்டால் வலக்கை வில்லைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால் கப்பல் கூலியும் சுங்கத் தீர்வையும் சேர்ந்து வில்லின் விலையைத் தாண்டிவிடும். எனக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. என் இழுவை நீளம், அதாவது நான் நாணை இழுக்கும் தூரம், 26 அங்குலம். கடை வில்லில் எழுதியிருக்கும் பாரமோ (நாணை இழுக்கத் தேவையான பலம்) 28 அங்குலத்துக்கு அளந்தது. ஓர் அங்குலம் குறைந்தால் இரண்டு, இரண்டரை இறாத்தல் குறையும். 35 என்று எழுதியிருக்கும் வில் என் கையில் 30 இறாத்தல்தான். அதனால் அளவு கொடுத்துச் செய்வித்தேன். செய்து தந்தவர் முகத்துவாரத்தில் சிறிய பட்டறை வைத்திருக்கும் ஓர் ஓடாவியார். பெயரும் தொலைபேசி இலக்கமும் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், ஆகவே போடவில்லை.

ஒரு காலத்தில் படகு கட்டும் இடத்தில் வேலை செய்தவர். இப்போது கதவு, ஜன்னல், கட்டில் என்று வருமானம். வில் செய்வது ஆசைக்கு. அந்தப் படகு வேலை அனுபவம்தான் இந்த வில்லின் பலம் என்பது என் அபிப்பிராயம். ஈரத்துக்கும் உப்புக்காற்றுக்கும் நடுவில் மரத்தையும் எப்பொக்சிப் பசையையும் எப்படி நம்புவது என்பது அவருக்குக் கைப்பழக்கம்.

முதல் சந்திப்பில் மரம், நிறம், அலங்காரம் எதுவும் கேட்கவில்லை. என்னை நிற்க வைத்து, ஒரு மெல்லிய பயிற்சி வில்லை இழுக்கச் சொல்லி, அம்பில் பென்சிலால் குறி போட்டார். பிறகு கேட்டார்: "பிள்ளை, அம்புக்கு மேல ஒரு விரல், கீழ ரெண்டு விரலோ? இல்லாட்டி மூண்டும் கீழயோ?" மேலே ஒன்று, கீழே இரண்டு என்றேன். "அப்ப கீழ் லிம்ப் கொஞ்சம் விறைப்பா இருக்கோணும்" என்று தன் கொப்பியில் எழுதிக்கொண்டார். லிம்ப் என்பது கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதி. விரல்கள் அம்பைப் பிரித்துப் பிடித்தால் இழுவையின் மையம் ஒரு இடத்தில் விழும். மூன்றும் கீழே போனால் இன்னும் தாழும். அதற்கேற்ப இரண்டு லிம்புகளும் சமநிலைப்பட வேண்டும். விலை கொடுத்து வாங்கிய எந்த இடத்திலும் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அங்கேயே முற்பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

அவர் செய்தது ஒட்டுவில். அது என்ன என்று கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வில் வளையும்போது எய்பவருக்கு எதிர்ப்புறம் இருக்கும் முதுகு நீள்கிறது, நம்மைப் பார்க்கும் வயிறு நசுங்குகிறது. இரண்டு வேலைக்கும் இரண்டு குணம் வேண்டும். 1545இல் மூழ்கி 1982இல் கடலடியிலிருந்து தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் முழுசாகக் கிடைத்த விற்கள் மட்டும் 130க்கு மேல். எல்லாம் யூ மரம். அந்த மரத்தில் வெளிறு என்ற வெளிப்பகுதி இழுவையைத் தாங்கும், வைரம் என்ற உட்பகுதி நசுக்கத்தைத் தாங்கும். ஒரே துண்டில் இரண்டும் கிடைத்துவிடும். யூ இல்லாத ஊரில் வேறு வேறு மரங்களை மெல்லிய பட்டைகளாக இழைத்து ஒட்டி அந்தக் குணத்தை உண்டாக்க வேண்டியதுதான். ஜப்பானியர்கள் தங்கள் யூமி வில்லை மூங்கிலும் மரமும் சேர்த்து ஒட்டுவதும் இதே கணக்குத்தான்.

என் வில்லுக்கு முதுகு மூங்கில். நடுவில் இரண்டு பட்டை ஹல்மில்ல. வயிறு கித்துள். மூங்கிலின் பலம் முழுக்க வெளித்தோலை ஒட்டிய நாரில் இருக்கிறது என்பதால் தோலின் மெழுகை மட்டும் சுரண்டிவிட்டு மற்றப்படி அந்தப் பக்கத்தில் இழைப்புளி படவிடவில்லை. கணுக்களையும் மட்டமாக்காமல் மேடாகவே விட்டிருக்கிறார். வெட்டினால் நார் அறுந்து அங்கேதான் முதலில் வெடிக்கும். ஹல்மில்ல அவருக்குப் படகுக் காலத்திலிருந்தே பழக்கமான மரம். திருகோணமலை மரம் என்ற பெயரில் முன்பு சென்னைக்குக் கப்பலேறி, அலையில் வளைந்து கொடுக்கும் மசூலாப் படகு கட்டப் போனது இதுதான். மூங்கில் இழுவையில் மிகவும் பலமானது, மெத்தென்ற வயிற்றை நசுக்கிச் சுருக்கம் விழச் செய்துவிடும். அதற்காகத்தான் கித்துளின் கறுத்த, முற்றிய வெளிப்பகுதியை வயிற்றுக்கு எடுத்தார்.

கொழும்பில் வில் செய்வதில் உண்மையான எதிரி காற்றின் ஈரம். ஈரப்பதம் 80 சதவீதத்தில் நிற்கும் ஊரில் திறந்து வைத்த மரம் 16 சதவீதம் அளவுக்கு ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். வில்லுக்கு வேண்டியது 8 முதல் 10. ஈர மரத்தில் செய்த வில் நாணைக் கழற்றிய பிறகும் நாண் பக்கமாகக் கூனியே நிற்கும், அம்பும் சோம்பிப் போகும். ஓடாவியார் ஒரு நீளமான பலகைப் பெட்டிக்குள் பழைய மஞ்சள் பல்ப்புகளை எரியவிட்டு அதில் பட்டைகளை வைக்கிறார். தினமும் எடுத்து நிறுக்கிறார். எடை இறங்குவது நின்றால்தான் அடுத்த வேலை. எல்லாம் தாமதமாவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்தப் பெட்டி. இதில் அவசரப்படுத்தாதீர்கள்.

ஒட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பட்டைகளின் முகத்தை முரட்டு மண்தாளால் கீறி, ஸ்பிரிட்டால் துடைத்து, எப்பொக்சி பூசி, மேலே நோக்கி வளைந்த ஓர் அச்சின் மீது அடுக்கினார். மோட்டார் சைக்கிள் டியூபை நீளவாட்டில் வெட்டிய பட்டியால் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இறுக்கிச் சுற்றினார். எப்பொக்சிக்கு மிதமான இறுக்கம் போதும். அளவுக்கு மீறி நெரித்தால் பசை முழுக்க வெளியே வழிந்து இடைவெளி வறண்டுவிடும். டியூப் ஒரே சீராக அழுத்துவதால் அந்தப் பயமில்லை. பிறகு மறுபடி பல்ப்புப் பெட்டிக்குள். அச்சின் வளைவால் வில் பிறக்கும்போதே முன்பக்கமாக ஒன்றரை அங்குலம் வளைந்து பிறக்கிறது.

ஆனால் காசு கொடுப்பது இதற்கெல்லாம் இல்லை, வில்லைச் சீராக வளைய வைக்கும் டில்லரிங் என்கிற வேலைக்குத்தான். சுவரில் கட்டம் கட்டமாகக் கோடு கீறி, வில்லை ஒரு கட்டையில் வைத்து, கீழே கப்பி வழியாகக் கயிறு போட்டு, நடுவில் மீன்கடைகளில் தொங்குமே அந்த முள் தராசைக் கோர்த்திருக்கிறார். என் 32 இறாத்தல் அந்தக் கிலோத் தராசில் பதினாலரை. அந்த இடத்தில் சிவப்புக் கோடு. கயிற்றை மெல்ல இழுப்பார். முள் சிவப்பைத் தொட்டதும் நிறுத்துவார், வில் பாதிகூட வளையாவிட்டாலும் சரி. பிறகு எந்த இடம் விறைத்து நிற்கிறது என்று கட்டங்களில் பார்த்து, அந்த இடத்தில் மட்டும் வயிற்றுப் பக்கத்தை உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டுவார். வெங்காயத் தோல்போலச் சுருள் விழும். மீண்டும் இழுத்து, மரத்துக்குப் பழக்கம் வரப் பலமுறை ஆட்டிவிட்டுத்தான் தராசைப் பார்ப்பார். கடைசி இலக்கைவிட ஓர் இறாத்தல் கூடுதலாக இழுத்தாலும் அந்த வில்லுக்கு நிரந்தரக் கேடு என்பது அவர் பிடிவாதம். 26 அங்குலத்தில் முள் சிவப்பில் வந்து நின்றபோது மேல் லிம்பில் நாணுக்கும் மரத்துக்கும் உள்ள இடைவெளி கீழ் லிம்பைவிட ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் கூட இருந்தது. நான் பிடிக்கும் விரலுக்கு அதுதான் சரி.

வில் வெறும் 66 அங்குலம். ஓட்டம் சுத்தம். தெஹிவளைப் பக்கம் நண்பர் வீட்டு வளவில் தும்பு அடைத்த பெட்டிக்கு 15, 20 மீற்றரில் எய்கிறோம். இழுவை கடைசி அங்குலம்வரை ஒரே சீராக ஏறுகிறது, முடிவில் திடீரென்று கனப்பதில்லை. விடும்போது கையில் அடிப்பது குறைவு. நுனிகளை ஒடுக்கமாகச் செய்து எருமைக் கொம்பில் சிறிய தொப்பி போட்டதன் பலன் அது. நாண் டாக்ரோன் நூல். வேகமான புது நூல்கள் இத்தகைய நுனிகளை அறுத்துவிடும் என்று அவர் மறுத்தது நல்லதே. நாணேற்றிய பிறகு நாணுக்கும் கைப்பிடிக்கும் உள்ள இடைவெளியை 7 அங்குலத்தில் வைத்தால் சத்தம் அடங்குகிறது.

குறைகளையும் சொல்லவேண்டும். கைப்பிடித் தோலின் வழுவழுப்பான பக்கத்தை வெளியே வைத்து ஒட்டியிருந்தார். கொழும்பு வியர்வைக்கு அது ஆகாது, சில அம்புக்குள் கை வழுக்குகிறது. திருப்பிக் கொண்டுபோனபோது சொரசொரப்பான பக்கம் வெளியே வர மாற்றித் தந்தார், காசு வாங்கவில்லை. கித்துளின் நார் ஓரங்களில் ஊசியாக எழும்பும்; கைப்பிடிக்குக் கீழே ஓரிடத்தில் மண்தாள் சரியாகப் படாமல் விரலில் ஏறியது. வாங்கும்போதே ஓரம் முழுக்க ஒரு பஞ்சுத் துண்டை இழுத்துப் பாருங்கள், பஞ்சு மாட்டும் இடத்தைக் காட்டித் திருத்திக் கேளுங்கள். சொன்ன திகதி தவறியது. தவறும் என்று அவர் அறிவிக்கவுமில்லை. எழுதின ரசீதும் கிடையாது.

வில்லோடு சேர்த்து விற்கும் அம்புகளை வாங்கவேண்டாம். அதில்தான் அவருக்குக் கவனம் போதாது. அம்பு வில்லைச் சுற்றி நெளிந்து போகிறது, நெளியும் அளவு வில்லுக்குப் பொருந்தவேண்டும். 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகளின் மேல் வைத்து நடுவில் 2 இறாத்தல் தொங்கவிட்டு எவ்வளவு தொய்கிறது என்று பார்ப்பது வழக்கமான சோதனை. அவர் தந்த அம்புகளில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. விறைத்தவை வலப்பக்கம் ஓடின. இடக்கை வில்லுக்கு அது எதிர்பார்த்ததே. எடையையும் பார்க்கவேண்டும். மரவில்லின் பாரத்தில் ஓர் இறாத்தலுக்கு அம்பின் எடை 10 கிரேன் (அம்பு நிறுக்கும் சிறிய அளவு) என்பது பாதுகாப்பான கணக்கு. என் வில்லுக்கு 320 கிரேன், ஏறக்குறைய 21 கிராம். அதைவிட எடை குறைந்த அம்பு, அம்பே இல்லாமல் வெறும் நாணை விடுவதற்குச் சமீபமாகிவிடும்.

தென்மேற்குப் பருவமழை முழுக்க வில் என் வெள்ளவத்தை வீட்டில் சுவரில் படுக்கையாகத் தொங்கியது, நாண் கழற்றி. மழை ஓய்ந்த பிறகு அளந்தேன். ஒன்றரை அங்குல முன்வளைவில் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலேயே மிச்சமிருக்கிறது. கடலை ஒட்டிய வீட்டில் மரவில்லுக்கு இது மிக நல்ல முடிவு. வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் வைக்கவே கூடாது என்று எச்சரித்தார். மூடிய கார் மத்தியானத்தில் எரியும் சூட்டில் எப்பொக்சி இளகத் தொடங்கும்.

பராமரிப்பில் நாட்டமில்லாதவர்கள் இரண்டு பக்கமும் கண்ணாடிநார் வைத்து ஒட்டிய தொழிற்சாலை நெடுவில்லை வாங்குங்கள். அதற்கு ஈரம் பெரிய பொருட்டில்லை, வேகமும் கூடுதல். உங்கள் உடலளவுக்கு, உங்கள் விரலுக்கு, உங்கள் கைக்கு என்று ஒரு வில் வேண்டுமானால் இந்தப் பட்டறைக்குப் போங்கள். எனக்கு 68,000 ரூபா ஆனது, பாதி முற்பணம். சில நூறு அம்புகள் எய்த பிறகு கொண்டுவரச் சொல்லி வளைவை மறுபடி பார்த்துச் சுரண்டித் தருவது அதற்குள் அடக்கம். கொழும்பில் மரபு வில் எய்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். மழை மாதங்களில் அவர் ஒட்டு வேலை எடுப்பதில்லை, ஜனவரி, பெப்ரவரியில் கேட்டால் கிடைக்கும். தொலைபேசியில் அளவு சொன்னால் ஏற்கமாட்டார், நேரில் போய் நிற்கவேண்டும்.